பழஞ்சேலையில் கடற்கரை நிறங்கள்

நம் கடற்கரை இல்லங்களில் பழஞ்சேலை எக்காலத்தும் குப்பைக்குப் போனதில்லை. குழந்தை பிறந்தால் தொட்டில் கட்ட, நன்கு துவைத்து மென்மையான நூற்சேலையே வேண்டும். பின்னர் அது குழந்தைக்கு விரிப்பாகும். அதன்பின் கைப்பிடித் துணியாகும். பாம்பன் தீவைச் சுற்றிக் கடற்பாசி எடுக்க நீரில் இறங்கும் பெண்கள், பாறைகள் கிழிக்காதவாறு விரல்களில் சுற்றிக் கட்டிக்கொள்வதும் பழந்துணிக் கீற்றுகளையே. இவ்வளவு இருந்தும், அந்தச் சேலைகளைப் பல நிறத் துண்டுகளாக வெட்டி, அழகிய ஒட்டுப்போர்வையாகத் தைக்கும் வழக்கம் நம்மிடம் பெரிதும் வளரவில்லை. திருவிழாத் தேரில் தொங்கும் தொம்பைகளைப் பாருங்கள். சிவப்பும் வெள்ளையும் மஞ்சளும் பச்சையுமாக ஒட்டி எடுத்த துணிவேலை அது. தஞ்சைத் தரணியில் நெடுங்காலமாக நிலவும் கலை. ஆயினும் அது தேரோடு நின்றுவிட்டது, வீட்டுக்குள் வரவில்லை. ஒட்டுப்போட்ட துணி என்றால் வறுமை என்று நாம் நாணியதே அதற்குக் காரணமாக இருக்கலாம்.

அந்த நாணம் தேவையற்றது என்பது மட்டுமன்று, சற்று வேடிக்கையானதும்கூட. உலகமே போற்றும் போர்வைகளின் சிவப்பு நிறம் ஒரு காலத்தில் நம் மணலிலிருந்து தோண்டப்பட்டதாகும்.

மணலில் பிறந்த சிவப்பு

சாயவேர் என்பது சிறுசெடி. இம்பூறல் என்று மருத்துவர் அழைப்பதும் இதனையே. சோழமண்டலக் கரையிலும், இராமேசுவரத்திலும், கடலுக்கு அப்பால் மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிலும் மணற்பாங்கான நிலத்தில் தானாகவே முளைக்கும். 'இராமேசுவரம் வேர்' என்ற பெயரே பழைய ஆங்கில மருந்து நூல்களில் காணப்படுகிறது. செடி சிறிதாயினும் வேர் நீளமானது. அந்த வேரின் பட்டையில்தான் சிவப்பு இருக்கிறது. ஒல்லாந்தர் இலங்கையின் வடகரையை ஆண்டபோது, இவ்வேரைத் தோண்டும் உரிமையைத் தம் கும்பினியின் தனிச்சொத்தாக வைத்துக்கொண்டனர் என்றால் அதன் மதிப்பை உணரலாம்.

பருத்தித் துணியில் சிவப்பு எளிதில் பற்றாது. வேரை வேகவைத்துத் துணியை முக்கினால் மட்டும் போதாது. ஒரே துவைப்பில் போய்விடும். நம் சாயக்காரர் கண்ட வழி வேறு. முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைத்து உலர்த்துவர். எங்கு சிவப்பு வேண்டுமோ அங்குப் படிகார நீரைத் தூரிகையால் தீட்டுவர். கறுப்பு வேண்டிய இடத்தில் இரும்பு ஊறிய புளித்த நீரைத் தீட்டுவர். பின்னரே சாயவேர் கொதிக்கும் பானையில் துணி இறங்கும். படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைக்கும்; மற்ற இடத்தில் பற்றிய நிறம் சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்துப் போகும். நீலம் வேண்டுமானால் மற்ற இடங்களை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவர். துவைக்கத் துவைக்க அழகு கூடிய இத்துணியையே நாம் சீட்டி என்றோம்.

இம்முறையை ஐரோப்பியர்க்கு விரிவாக எழுதித் தெரிவித்தவர் ஒரு குருவானவர். பிரெஞ்சு நாட்டுச் சேசு சபையைச் சேர்ந்த கெர்து சுவாமியார் 1732-ஆம் ஆண்டில் இந்தியா வந்தவர். தமிழ், தெலுங்கு நாடுகளில் பணியாற்றியவர். 1742-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் அவர் எழுதிய நீண்ட கடிதத்தில், சீட்டி தீட்டும் தொழிலின் ஒவ்வொரு படியையும் விவரித்துள்ளார். புதிதாகத் திருமறையில் சேர்ந்த தொழிலாளர்களிடமே அவர் அதைக் கேட்டு அறிந்துகொண்டார். அந்த ஏழைத் தொழிலாளர்களின் நுட்பம் கடிதத்தின் வழியே பிரெஞ்சுப் பட்டறைகளுக்குச் சென்றது. அவர்களுக்கு அதனால் என்ன கிடைத்தது என்ற கேள்வி மனத்தை உறுத்தத்தான் செய்கிறது.

ஐரோப்பாவில் இத்துணி மீது எழுந்த மோகத்தால் உள்நாட்டு நெசவாளர் கொதித்தெழுந்தனர். பிரான்சு 1686-லிருந்து 1759 வரை இதனைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1701-லும் 1721-லும் சட்டங்கள் இயற்றியது. கிடைத்தற்கரிய பொருளாகிவிட்ட சீட்டியின் சிறு துண்டையும் வீணாக்க மனமின்றி, இல்லத்தரசிகள் அவற்றைச் சேர்த்துத் தைத்தனர். இங்கிலாந்தின் வடபகுதியில் லெவன்ஸ் ஹால் என்னும் மாளிகையில் உள்ள ஒட்டுப்போர்வை சுமார் 1708-ஆம் ஆண்டைச் சேர்ந்தது என்பர். அந்நாட்டில் எஞ்சியுள்ள மிகப் பழைய ஒட்டுவேலைகளுள் ஒன்றான அது, இந்தியச் சீட்டித் துண்டுகளால் ஆனது! அமெரிக்கப் பெண்களோ, சீட்டியிலுள்ள பூவையும் பறவையையும் மட்டும் கத்தரித்து, வெள்ளைத் துணியில் ஒட்டித் தைத்தனர். நாம் வறுமையின் சின்னம் என்று ஒதுக்கிய ஒட்டுவேலை அங்கே செல்வர் வீட்டுக் கட்டிலை அலங்கரித்தது.

1869-இல் நிலக்கரித் தாரிலிருந்து அதே சிவப்பைச் செயற்கையாக உண்டாக்கும் வழி கண்டுபிடிக்கப்பட்டது. சாயவேர் வாணிபம் அதன்பின் படுத்தது. செடி இன்றும் மணலில் முளைக்கிறது. நாம் மிதித்துச் செல்கிறோம்.

எதை எதன் அருகில் வைப்பது?

ஒட்டுப்போர்வை என்பது மூன்று அடுக்கு. மேலே நிறத் துண்டுகள்; இடையில் பஞ்சு அல்லது பழந்துணி; அடியில் ஒரே துணி. மூன்றையும் சேர்த்து ஓடுதையல் இடுவதே வேலை. நம் வெப்பத்திற்குப் பஞ்சு வேண்டா. ஐந்தரை மீட்டர் நூற்சேலையை நடுவில் வெட்டிப் பக்கவாட்டில் இணைத்தால், ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர் அகலமும் இரண்டே முக்கால் மீட்டர் நீளமும் உள்ள அடித்துணி கிடைத்துவிடும். இடையில் வைக்க மற்றொரு பழஞ்சேலை போதும். மார்கழிப் பனிக்கு இதுவே தாராளம்.

தையல் அறிந்த தாய்மார்கள் தயங்குவது நிறத்தில்தான். சிவப்புக்குப் பச்சை சேருமா, நீலத்துக்கு மஞ்சள் எடுக்குமா என்று கேட்கின்றனர். அதற்கு முன் பார்க்கவேண்டியது வேறொன்று: எது அடர்ந்தது, எது வெளிர்ந்தது? அரக்குச் சிவப்பையும் கரும்பச்சையையும் பக்கத்தில் வைத்து, மாலை மங்கும் நேரத்தில் மின்விளக்கு ஏற்றாமல், கண்களைப் பாதி மூடிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாகக் கலந்து இருண்டுவிடும். பகலில் அத்தனை வேறுபாடாகத் தோன்றிய இரு நிறங்கள் அவை! அவற்றுக்கிடையே ஒரு வெளிர் மஞ்சள் கீற்றை வைத்தால் இரண்டும் பிரிந்து தெரியும். துணிகளை முதலில் அடர்த்தி, நடுத்தரம், வெளிர் என மூன்று குவியலாகப் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது அளவு. திருவருகைக் காலத்தில் குருவின் திருவுடை ஊதா. மூன்றாம் ஞாயிறன்று மட்டும், ரோசா நிற உடை உள்ள கோவில்களில், அதனை அணிவதுண்டு. அந்த ஒரு நாளின் ரோசா நிறம் ஏன் நம் கண்ணில் நிற்கிறது? முன்னும் பின்னும் ஊதா இருப்பதால்தான். நான்கு வாரமும் ரோசாவாக இருந்தால் யார் கவனிப்பார்? போர்வையிலும் பளிச்சென்ற நிறம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு எடுப்பாகும். நம் பெண்களுக்கு இது தெரியாததும் அன்று. பனையோலைப் பெட்டி முடைபவர், சாயமிடாத ஓலைக்கிடையே இரண்டு மூன்று கீற்று மட்டும் சிவப்போ பச்சையோ செலுத்துவதைக் கவனித்திருப்பீர்கள். அதே கணக்கைத் துணிக்குக் கொண்டுவர வேண்டியதுதான்.

இனி, நிறங்களை எங்கிருந்து தேடுவது? சிலர் பாம்பன் பாலத்தையும் படகையும் துணியில் வரைந்து ஒட்ட விரும்புகின்றனர். என் எண்ணத்தில் அது காலண்டர்ப் படமாகவே முடியும். பாலம் வேண்டா, பாலத்தைச் சுற்றியுள்ள நிறங்களின் விகிதம் போதும். தனுசுக்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் நின்று பாருங்கள். வடக்கே அமைதியான பெண் கடல். தெற்கே அலைகொழிக்கும் ஆண் கடல். ஒன்று பசுமை கலந்த வெளிர்நீலம், மற்றொன்று ஆழ்ந்த நீலம் எனக் காணும் நாட்கள் உண்டு. நடுவே அகன்ற மணல், ஏறக்குறைய நிறமே இல்லாதது. மணலில் கிடக்கும் வலையின் ஆரஞ்சு நிற மிதவை, உள்ளங்கை அளவுதான். கண் முதலில் அதன்மீதே விழும். நான்கு பங்கு மணல் நிறம், மூன்று பங்கு வெளிர்நீலம், இரண்டு பங்கு கருநீலம், ஒரு பங்குக்கும் குறைவாக ஆரஞ்சு. இது ஒரு போர்வை.

1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவுப் புயலில் அழிந்த தனுசுக்கோடியின் கோவில் சுவர்களும் ஒரு நிறப்பாடமே. தொலைவிலிருந்து சாம்பல் என்று தோன்றும். அருகில் சென்றால் பவளக்கல்லின் தந்த நிறம், பாசியின் கருமை, காரையின் மங்கிய மஞ்சள். நம்மிடம் 'வெள்ளை' என்று ஒரே குவியலில் கிடக்கும் வேட்டி, துண்டு, தலையணை உறை ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள். ஒன்றுபோல் மற்றொன்று இராது. அந்த வெள்ளைகளை மட்டுமே கொண்டு ஒரு போர்வை தைக்கலாம். ஓரியூரிலோ மண்ணே சிவப்பு. புனித அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் தலை வெட்டுண்ட இடத்தின் செம்மணலை எடுத்துச் செல்லாத குடும்பம் நம் பகுதியில் அரிது. அச்சிவப்பு கடையில் விற்கும் சிவப்பு அன்று. பழுப்பு கலந்தது, அடங்கியது. வெயிலில் மங்கிய செந்நிறச் சேலையில் அதனைக் காணலாம்.

உடுத்தியவரின் நிறம்

மங்கிய துணிக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு என்பதை இருவேறு நாட்டுப் பெண்கள் நமக்குக் காட்டியுள்ளனர்.

அண்டை மாநிலமான கருநாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஹலியால், எல்லாப்பூர், முண்டகோடு பகுதிக் காடுகளில் சித்தி மக்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கீசியர் முதலானோர் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் வழிவந்தோர் இவர்கள். கத்தோலிக்கர், இசுலாமியர், இந்துக்கள் மூவரும் இவர்களுள் உளர். இப்பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். அளவுகோலும் மாதிரிப்படமும் இல்லை. சேலையை விரித்து, ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி உள்நோக்கித் தைத்து, நடுவில் முடிக்கின்றனர். எந்தத் துண்டின் அருகே எந்தத் துண்டு என்பதைக் கைக்கு வந்தபோதே கண் தீர்மானிக்கிறது. கத்தோலிக்கப் பெண்களின் போர்வைகளில் சிலுவை வடிவத் துண்டுகளைக் காணலாம். முடிந்தபின், நான்கு மூலைகளிலும் பல மடிப்பாக மடித்த சிறு வண்ணத் துணியைப் 'பூ' என்று வைத்துத் தைப்பர். அது இல்லாத போர்வை ஆடை உடுத்தாததற்குச் சமம் என்பது அவர்கள் கருத்து! 2004-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பேராசிரியர் ஹென்றி டிரூவல் அவர்களின் துணையோடு கூட்டுறவு அமைப்பு ஒன்றும் தோன்றி, இப்போர்வைகள் வெளியுலகுக்குச் சென்றன.

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அங்கும் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் சந்ததியினரே வாழ்கின்றனர். பருத்திக் காட்டில் உழைத்துக் கிழிந்த காற்சட்டைகளையும் சட்டைகளையும் கொண்டு அவ்வூர்ப் பெண்கள் குளிருக்குப் போர்வை தைத்தனர். 2002-ஆம் ஆண்டு ஹியூஸ்டன் நகரக் கலைக்கூடத்தில் அவை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கின. 2006-இல் அந்நாட்டு அஞ்சல் தலைகளிலும் ஏறின. அவற்றுள் ஒன்று, மிசூரி பெட்வே என்னும் பெண்மணி 1942-இல் தைத்தது. கணவர் இறந்தபின், அவருடைய வேலை உடைகளை வெட்டி, அவரை நினைத்துப் போர்த்திக்கொள்வதற்கென்று தைத்த போர்வை அது. சாம்பலும் நீலமும் மங்கிய வெள்ளையுமான அந்நிறங்களை எந்தச் சாயப்பானையும் தந்துவிட இயலாது. ஒரு மனிதரின் உழைப்பும் வெயிலும் சேர்ந்து உண்டாக்கியவை. இத்தகைய உடைகளில் பையைப் பிரித்து எடுத்த இடம், வெயில் படாததால், சதுரமாகக் கருத்து நிற்கும். அவ்வூர்ப் பெண்கள் அந்தச் சதுரத்தையும் மறைக்கவில்லை. போர்வையில் அப்படியே வைத்துக்கொண்டனர்.

நம் கடற்கரையில் இதனைப் படிக்கும்போது நெஞ்சில் என்ன எழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கடலுக்குச் சென்று திரும்பாதவர்கள் இல்லாத ஊர் நம்மிடம் ஏது? இறந்தவரின் உடைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது நல்வழக்கமே; அதை மாற்றும்படி நான் சொல்லவில்லை. ஆனால் யாரும் கேட்டு வாங்காத, உப்புநீரில் வெளுத்த அந்தக் கைலியும் தோள் கிழிந்த சட்டையும் பெரும்பாலும் அடுப்பங்கரைத் துணியாகவே முடிகின்றன. அவற்றை எடுத்து வையுங்கள். கைலியின் மடிப்புக்குள் இருக்கும் கட்டம் இன்னும் முதல்நாள் நிறத்தில் இருக்கும். வெளியே இருந்த கட்டம் வெளுத்திருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தைத்தால், அடர்த்தியும் வெளிர்வும் ஒரே துணியிலிருந்தே கிடைத்துவிடும். தாயின் சேலையாயின் முந்தானையைப் பெரிய துண்டாகவே விடுங்கள். பொடிப்பொடியாக நறுக்கினால் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாது.

தொடங்குவோர்க்குச் சில நடைமுறைக் குறிப்புகள். நூல்துணியோடு பாலியெஸ்டரைக் கலக்க வேண்டா. ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, போர்வை கோணும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகின்றனவா என்று முன்கூட்டியே சோதிக்க, நனைத்த வெள்ளைத் துணியை அவற்றின்மீது வைத்து அழுத்திப் பார்த்தால் போதும். ஓரம் நைந்த சேலையின் நடுப்பகுதியை மட்டும் எடுங்கள். சேலைக் கரையிலிருந்து உருவிய நிற நூலைக் கொண்டே தைப்பது வங்காளத்துக் காந்தாப் பெண்களின் பழைய வழக்கம், நாமும் செய்யலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாட்களில் வீட்டில் கைகள் சற்று ஓய்ந்திருக்கும்; ஒரு போர்வைக்கு அக்காலம் தாராளம். சித்திப் பெண்களைப் போல ஓரத்திலிருந்து தொடங்குங்கள். தைத்து முடித்ததை நிழலில் உலர்த்துங்கள்; கடற்கரை வெயிலில் முதலில் வெளுப்பது சிவப்புத்தான்.