சிக்காகோவின் சமஷ்டிக் கட்டடங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐக்கிய அமெரிக்காவின் சாதாரண குடிமகன் ஒருவன் தன் நாட்டின் சமஷ்டி அரசைக் கண்ணாற் கண்டது பெரும்பாலும் தபாற்கந்தோரிலேதான். வழக்கு நேர்ந்தால் சமஷ்டி நீதிமன்றத்திலும் அதனைக் காண்பான். ஆகையால் இவ்விரண்டையும் ஒரே கூரையின் கீழ் அமைப்பது அக்கால வழக்கமாயிற்று. அவ்வழக்கம் தோன்றியதையும் மறைந்ததையும் சிக்காகோ நகரிலே நன்கு காணலாம்.

அங்கே எழுந்த முதற் கட்டடம் 1871ஆம் ஆண்டின் பெருந்தீக்கு இரையாயிற்று. அதன்பின் அல்பிரட் மல்லெட் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி பெரியதொரு கற்கட்டடம் அமைக்கப்பெற்று, 1880இல் நிறைவெய்தியது. ஆனால் சிக்காகோவின் நிலம் ஏரிக்கரையின் மென்களிமண் நிலம். கல்லின் பாரத்தைத் தாங்கமாட்டாது அத்திவாரம் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் தாழ்ந்தது. பதினாறே ஆண்டுகளில், 1896இல், அம்மாளிகை இடிக்கப்பட்டது. நெருப்புக்குத் தப்பும்படி கட்டியவர்களை நிலம் ஏமாற்றிவிட்டது.

பட்டறிவு வீண்போகவில்லை. அடுத்த கட்டடத்துக்கு நெடிய மரக்கம்பங்களை ஆழத்தில் அறைந்து, அவற்றின்மேல் அத்திவாரமிட்டனர். பெருந்தீயின் நினைவு நாளாகிய 1899 ஒக்டோபர் 9ஆந் திகதி சனாதிபதி மக்கின்லி அடிக்கல் நாட்டினார். ஹென்றி ஐவ்ஸ் கொப் வகுத்த இக்கட்டடம் 1905இல் முற்றுப்பெற்றது. சிலுவை வடிவான அதன் நடுவே வானளாவியதொரு குவிமாடம். கீழே தபாற்கந்தோர், மேலே நீதிமன்றங்கள். 1907இல் ஸ்ராண்டர்ட் ஒயில் கம்பனிக்கு 2 கோடியே 92 இலட்சம் டொலர் அபராதம் விதிக்கப்பட்டது இங்கேதான். அத்தீர்ப்பு மறு ஆண்டே மேன்முறையீட்டில் நீக்கப்பட்டது வேறு கதை. கொலைகாரக் கூட்டத் தலைவன் என அஞ்சப்பட்ட அல் கபோன் 1931இல் இங்கே குற்றவாளியாகக் காணப்பட்டான். கொலைக்காகவன்று, வருமான வரி கட்டாமைக்காக!

அரசின் அலுவல்கள் பெருகப் பெருக இடம் போதவில்லை. மீஸ் வான் டெர் ரோவின் திட்டப்படி, வீதியின் மறுபுறத்தில் முப்பது மாடி நீதிமன்றக் கட்டடம் 1964இல் எழுந்தது. மறு ஆண்டு குவிமாடத்தை இடிக்கத் தொடங்கினர். அது ஒரு நட்டமே. எனினும் இரும்பும் கண்ணாடியுமான புதிய கட்டடங்களின் ஒழுங்கை எளிதிற் குறைகூற முடியாது. 1974இல் தபாற்கந்தோரும் தனியே ஒருமாடிக் கட்டடம் பெற்றது.

பழைய மாளிகையின் கொரிந்தியத் தூண்கள் இரண்டு மாத்திரம் ஏரிக்கரையை அடுத்த பூங்காவொன்றில் நிறுத்தப்பட்டுள்ளன.