ஸ்வஹஸ்த லிகிதமும் குடும்ப ஏடுகளும்

ஒரு கிரந்தத்தைப் பிரமாணமாகக் கொள்ளுமுன் அதை அருளிச்செய்தவர் யார், அது எவர் வழியாக வந்தது என்று ஆராய்வது பூர்வர்களின் முறை. இம்முறை வ்யாக்யானங்களுக்கே உரியதன்று. ஒரு குடும்பத்தார் காத்துவந்த லௌகிக ஏடுகளுக்கும் ஒக்கும். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் தினசரி இதற்குத் தக்க உதாரணம்.

திருவேங்கடம் பிள்ளையின் குமாரராய் 1709-இல் பெரம்பூரில் பிறந்த இவர், பிரெஞ்சுக் கும்பினியாரிடம் துபாஷியாயிருந்தவர். 1736 முதல், தம் வாழ்வு முடிந்த 1761-ஐ ஒட்டிய காலம் வரை, தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழில் எழுதிவைத்தார். 'சொஸ்த லிகிதம்' என அந்நூலுக்கு வழங்கும் பெயர், 'ஸ்வஹஸ்த லிகிதம்' என்பதன் திரிபு; தன் கைப்பட எழுதியது என்பது பொருள்.

இவரைப் பற்றி ஸ்ரீநிவாஸகவி 1752-இல் இயற்றிய ஆனந்தரங்க விஜய சம்பூ என்னும் ஸம்ஸ்க்ருத காவியமும் உண்டு. குலத்தையும் குணத்தையும் புகழ்வது காவியத்தின் பணி. தினசரியிலோ சரக்கு வியாபாரம், கவர்னர் துய்ப்ளேக்ஸோடு நடந்த சம்பாஷணை, உத்தியோகப் போட்டி, வீட்டு விசேஷம் எல்லாம் ஆண்டு, மாதம், கிழமையோடு காண்கின்றன. 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது புதுச்சேரி வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்ட செய்தியும் அதில் பதிவாகியுள்ளது. காவியத்தை மிகையென்றும் தினசரியை அற்பமென்றும் தள்ளலாகாது. இரண்டுக்கும் விஷயம் வேறு. ஒவ்வொன்றும் தன் விஷயத்தில் பிரமாணம். எனினும் ஓர் ஊரில் இன்ன நாளில் நடந்தது இன்னதென்று அறியப் புகுவார்க்குத் துணையாவது தினசரியே.

அது நமக்குக் கிடைத்தது பிரதிகளால். பிள்ளையின் மறைவுக்குப்பின் ஏறக்குறைய எண்பத்தைந்து ஆண்டுகள் பலரும் அறியாதிருந்த ஏடுகளை, 1846-இல் கல்லுவா மோம்பிரான் என்பவர் கண்டு பிரதி செய்வித்தார். அரியேல் என்னும் பிரெஞ்சு அறிஞர் எடுப்பித்த பிரதி பாரிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. சென்னை அரசாங்கத்தார் ஆங்கில மொழிபெயர்ப்பை 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். இடையிடையே விடுபட்ட காலங்களும் உள. அவ்விடங்களை ஊகத்தால் நிரப்பாமல், விடுபட்டதென்றே குறித்தல் நேர்மை.

இதனின்று ஆசார்ய புருஷர் திருமாளிகைகளும் கோயில் கைங்கர்யபரர் குடும்பங்களும் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. பழங்கட்டுகளை அவிழ்க்கும்போது வ்யாக்யான ஏடுகளை மட்டும் பொறுக்கி எடுத்து, அவற்றோடு கிடந்த வரவுசெலவுக் கணக்கு, கடிதம், ஜாதகம், முறைக் கைங்கர்யக் குறிப்பு ஆகியவற்றைக் கழிப்பது எளிதாக நேர்ந்துவிடுகிறது. அந்த வ்யாக்யானத்தை எழுதிவைத்தவர் யார், எவ்வாண்டில், எவரிடம் காலக்ஷேபம் கேட்டவர் என்பதைத் தெரிவிக்கக்கூடியவை அக்கழிவுகளே. நூலகத்திற்கோ ஆவணக்காப்பகத்திற்கோ கொடுக்க நேரின், கட்டைப் பிரிக்காமல், எந்தத் திருமாளிகையது, எந்தக் கட்டில் எத்தனையாவது ஏடு என்று எழுதிச் சேர்த்தே கொடுக்கவேண்டும். வந்த வழி தெரியாத ஏடு, எழுதியவர் கையெழுத்தாகவே இருப்பினும், சாட்சி சொல்லும் தகுதியில் பாதியை இழந்துவிடுகிறது.