‘எஞ்சாயி எஞ்சாமி’: நாட்டார் மரபின் பாப் வடிவமும் கேட்போர் மதிப்பீடும் – சேதுக்கரையை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

நாட்டார் இசைக்கூறுகள் பாப் இசையோடு இணையும்போது கேட்போர் அவற்றை எவ்வளவைகளால் மதிப்பிடுகின்றனர் என்பதை 2021இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ பாடல்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. தூய்மை, பரவல், உரிமை என்னும் மூன்று அளவைகளுள் உரிமையே முதன்மையானது என்பதையும், ஒப்பாரி மரபே அதற்கு விளக்கம் தருகிறது என்பதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: நாட்டார் பாடல், பாப் இசை, ஒப்பாரி, மலையகத் தமிழர், உப்பூர், சேதுக்கரை

முன்னுரை

நாட்டார் பாடல் தன் களத்தை விட்டு ஊடகத்திற்குள் நுழையும்போதெல்லாம் ‘இது நாட்டார் பாடல்தானா?’ என்னும் வினா எழுவது இயல்பு. இத்தகைய நுழைவுக்குப் பிரிக்கப்படாத இராமநாதபுரம் மாவட்டத்திலேயே முன்சான்றுகள் உள்ளன. இளையான்குடியை அடுத்த மாரந்தையில் பிறந்த கே.ஏ. குணசேகரன் (1955–2016) ‘தன்னானே’ ஒலிநாடாவின் வழி நாட்டார் மெட்டுகளை நகரத்துச் செவிகளுக்குக் கொண்டு சென்றார். கொல்லங்குடி கருப்பாயி ‘ஆண் பாவம்’ (1985) திரைப்படத்தில் பாடி நடித்தார். இவ்வரிசையில் இணையக் காலத்திற்குரியது ‘எஞ்சாயி எஞ்சாமி’. தீயும் அறிவும் பாடிய இப்பாடல் சந்தோஷ் நாராயணனின் இசையில் 2021 மார்ச் 7 அன்று வெளியானது. வரிகளை எழுதியவர் அறிவு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பிய தம் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வை இதன் ஊற்றாக அவர் குறிப்பிட்டுள்ளார்.

மூவகை மதிப்பீடு

விளித்தல், அடுக்கிச் சொல்லுதல், மீண்டும் மீண்டும் வரும் பல்லவி, ஒப்பாரியின் இழுவை ஆகிய நாட்டார் கூறுகள் இப்பாடலில் மின்னணுத் தாளத்தோடும் சொல்லிசையோடும் கலந்துள்ளன. இக்கலப்பைப் பற்றிப் பொதுவெளியில் எழுந்த கருத்துகளை மூன்றாக வகைப்படுத்தலாம். துயரப் பாடலைக் கொண்டாட்டமாக மாற்றிவிட்டது என்பது முதல்வகை. தமிழறியாத நாடுகளுக்கும் ஒப்பாரியின் குரலைக் கொண்டு சென்றது என்பது இரண்டாம் வகை. இப்பாடல் யாருடையது என்னும் வினா மூன்றாம் வகை.

முதல்வகைக் கருத்து நாட்டார் சூழலோடு முற்றிலும் பொருந்தவில்லை. இறப்புச் சடங்கில் ஒப்பாரியும் பறையும் ஒரே களத்தில் ஒலிக்கின்றன. பறையடிக்கு ஆடுதலும் அங்கு உண்டு. துயரமும் தாளமும் ஒன்றையொன்று விலக்குவன என்னும் எண்ணம் அரங்க இசையின் ஒழுங்கிலிருந்து பிறந்தது. இரண்டாம் வகைக் கருத்து பரவலின் அளவைக் கூறுகிறதேயன்றிப் பரவிய பொருள் எதுவென்பதைக் கூறவில்லை. ஒரு பாடல் உலகெங்கும் ஒலிக்கும்போதே அதன் வரலாறு செவிக்கு எட்டாமல் போகலாம்.

உரிமை என்னும் அளவை

2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் அறிவின் படம் இடம்பெறாதபோது, இயக்குநர் பா. இரஞ்சித் உள்ளிட்டோர் அதனைக் கண்டித்தனர். 2022 ஜூலை 28 அன்று சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் தீயும் நாட்டுப்புறப் பாடகர் கிடாக்குழி மாரியம்மாளும் இப்பாடலைப் பாடினர். அறிவு மேடையில் இல்லை. அதன்பின் பாடலின் ஆக்கத்தில் தம் பங்கை அறிவு பொதுவில் விளக்கினார். அது மூவரின் கூட்டுப் படைப்பு என்று சந்தோஷ் நாராயணன் விளக்கமளித்தார்.

‘நாட்டார் மெட்டு பொதுச்சொத்து; அதற்குத் தனியுரிமை ஏது?’ என்னும் வாதம் இத்தகைய விவாதங்களில் எளிதாக எழக்கூடியது. நாட்டார் பாடல் தொகுப்பு மரபும் இதற்கு இடமளித்துள்ளது. ‘மலையருவி’ (1958) என்றவுடன் திரட்டிய பெர்சி மாக்வீனும் பதிப்பித்த கி.வா. ஜகந்நாதனும் நினைவுக்கு வருகின்றனர். பாடிய குரல்கள் நினைவுக்கு வருவதில்லை.

ஒப்பாரி இவ்வாதத்தை மறுக்கிறது. அதன் மெட்டும் உவமைகளும் விளிகளும் ஊருக்குப் பொதுவானவை. ஆயினும் பாடும் பெண் தன் உறவின் பெயரையும் தன் வாழ்வின் இழப்பையும் அவற்றுள் வைத்துப் பாடுகிறாள். பிறர் வீட்டு இழவில் தன் துயரைச் சொல்லி அழுவதும் வழக்கம். வாய்பாடு பொது, புலம்பல் அவளுடையது. வள்ளியம்மாளின் பெயர் ‘எஞ்சாயி எஞ்சாமி’க்குள்ளேயே பதிந்திருப்பது இம்முறைமையைச் சார்ந்ததே. 2024இல் அறிவு தம் இசைத்தொகுப்பிற்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ எனப் பெயரிட்டதும் அப்பதிவின் தொடர்ச்சியாகும்.

சேதுக்கரையிலிருந்து கேட்டல்

தொண்டிக்கும் தேவிபட்டினத்திற்கும் இடையே கடலோரத்தில் உள்ள உப்பூர் வெயிலுகந்த விநாயகர் கோயிலால் அறியப்படுவது. இராமன் இங்கு வழிபட்டுத் தேவிபட்டினம் சென்றதாகத் தலமரபு கூறும். உப்பூர், தேவிபட்டினம், சேதுக்கரை, இராமேசுவரம் என்னும் இவ்வழி யாத்திரை நினைவில் நிலைபெற்றுள்ளது.

இதே கரைக்கு உழைப்பாளர் வரலாறு ஒன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் பலர் இக்கடலோரத்திலிருந்தே படகேறினர். 1914இல் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் போக்குவரத்து தொடங்கியது. 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும் 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டனர். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபின், தாயகம் திரும்பியோர் இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் பல மாவட்டங்களுக்குச் சிதறினர்.

இக்கரையின் பின்னணியில் கேட்கும்போது, காட்டைத் திருத்தித் தோட்டமாக்கியவர்க்கு அத்தோட்டம் சொந்தமாகாத வரலாறு பாடலில் துலங்குகிறது. யாத்திரை வழியைத் தலபுராணங்கள் போற்றின. தோட்டத் தொழிலாளரின் வழியைப் பேணியவை பாட்டிகளின் வாய்மொழிக் கதைகளும் பாடல்களுமே. அவற்றைச் சொன்னவரின் பெயர் நீங்கினால் இவ்வரலாற்றின் சான்றும் நீங்கும்.

முடிவுரை

கருவி, தாளம் ஆகியவற்றின் மாற்றம் மட்டும் ஒரு பாடலை நாட்டார் மரபிலிருந்து விலக்கிவிடாது. பாடியவர், அவருக்குப் பாடலைத் தந்தவர், அது கடந்துவந்த வழி ஆகிய மூன்றும் மறைக்கப்படும்போதே மரபுத்தொடர்ச்சி அறுபடுகிறது. எனவே பாப் வடிவம் பெறும் நாட்டார் பாடல்களை ஆராய்வோர் இசைக்கூறுகளோடு இம்மூன்றையும் பதிவுசெய்தல் வேண்டும். உரிமை குறித்துக் கேட்போர் எழுப்பிய வினா இத்துறையின் பழைய தொகுப்புகளுக்கும் பொருந்தும்.