கேஸ் லைட்டர் முதல் ஸ்கேன் வரை: அழுத்தினால் கரண்ட் தரும் செராமிக்... அதிலிருந்து ஈயத்தை ஏன் இன்னும் நீக்க முடியவில்லை?

பேட்டரி கிடையாது, ஒயர் கிடையாது. ஆனாலும் அழுத்தினால் 'டக்' என்று தீப்பொறி வருகிறது. சமையலறை கேஸ் லைட்டருக்குள் இருக்கும் ஒரு சின்ன செராமிக் துண்டுதான் இதற்குக் காரணம். கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன், கார் ரிவர்ஸ் எடுக்கும்போது 'பீப்' அடிக்கும் சென்சார், நீர்மூழ்கிக் கப்பலின் சோனார் என எல்லாவற்றிலும் இதே வகை செராமிக்தான் வேலை செய்கிறது. சிக்கல் என்னன்னா, அதன் எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் ஈயம்!

அழுத்தினா எப்படி கரண்ட் வரும்?

1880-ல் பிரான்ஸைச் சேர்ந்த ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். இந்த பியர்தான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர். குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் மேற்பரப்பில் மின்னூட்டம் உருவாவதை அவர்கள் கவனித்தார்கள். இதுதான் பீசோ எலக்ட்ரிக் விளைவு. இது தலைகீழாகவும் நடக்கும். அதாவது, படிகத்துக்கு மின்சாரம் கொடுத்தால் அது கொஞ்சம் நீளும் அல்லது சுருங்கும்.

உள்ளே என்ன நடக்குது?

இப்போது அதிகம் பயன்படுவது லெட் சிர்கோனேட் டைட்டனேட், சுருக்கமாக பி.இசட்.டி. கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பெட்டிகளை அடுக்கி வைத்தது போன்றது இதன் படிக அமைப்பு. பெட்டியின் 8 மூலைகளில் ஈய அணுக்கள், 6 பக்கங்களின் நடுவில் ஆக்சிஜன், பெட்டியின் மையத்தில் டைட்டானியம் அல்லது சிர்கோனியம்.

அதிக வெப்பத்தில் இந்தப் பெட்டி சரியான கனசதுரமாக இருக்கும். நடு அணு நடுவிலேயே இருக்கும். பாசிட்டிவும் நெகட்டிவும் சமமாகிவிடுவதால் மின் விளைவு எதுவும் இல்லை.

குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே வந்ததும் பெட்டி ஒரு பக்கமாக லேசாக நீள்கிறது, நடு அணு மையத்தை விட்டு நகர்கிறது. பேரியம் டைட்டனேட் என்ற இன்னொரு செராமிக்கில் இந்த நீட்சி வெறும் 1 சதவீதம்தான். அந்தச் சின்னக் கோணல் போதும். ஒரு பக்கம் பாசிட்டிவ், மறுபக்கம் நெகட்டிவ் என்று பெட்டியே ஒரு குட்டி பேட்டரி மாதிரி ஆகிவிடும். அழுத்தும்போது இந்தக் கோணலின் அளவு மாறுகிறது. அந்த மாற்றம்தான் வெளியே வோல்டேஜாக வருகிறது. லைட்டருக்குள் ஸ்பிரிங் சுத்தியல் அடிக்கும் ஒரே அடியில் பல ஆயிரம் வோல்ட் உருவாகும். அளவு மிக மிகக் குறைவு என்பதால் ஆபத்து இல்லை.

அப்போ டீ குடிக்கிற கப் ஏன் கரண்ட் தரல?

அதில் இப்படிப்பட்ட படிகம் இல்லை. சரி, பி.இசட்.டி.யை அப்படியே சுட்டு எடுத்தால் போதுமா? போதாது. உள்ளே ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு திசையைப் பார்த்து நிற்பதால், ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும்.

அதனால், செராமிக்கை சூடான எண்ணெயில் வைத்து ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 2,000 - 3,000 வோல்ட் கொடுப்பார்கள். எல்லாப் பகுதிகளும் முடிந்தவரை ஒரே திசைக்குத் திரும்பும். இதற்கு 'போலிங்' என்று பெயர். மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அந்தத் திசை மாறாமல் நிற்பதுதான் 'ஃபெர்ரோ எலக்ட்ரிக்' பொருள்களின் சிறப்பு. ஆனால் ரொம்ப சூடாக்கினால் அந்த ஒழுங்கு போய்விடும், செராமிக்கும் செயலிழந்துவிடும்.

52 : 48... இதுதான் ரகசியம்

சிர்கோனியமும் டைட்டானியமும் சுமார் 52-க்கு 48 என்ற விகிதத்தில் கலந்தால் பி.இசட்.டி. உச்சத்தில் வேலை செய்கிறது. காரணம், டைட்டானியம் அதிகமானால் பெட்டி நேராக நீளும். சிர்கோனியம் அதிகமானால் மூலைவாக்கில் இழுபடும். இந்த விகிதத்தில் இரண்டுக்கும் நடுவே, எந்தப் பக்கமும் சாயத் தயாராக நிற்கும். லேசாகத் தூண்டினாலே வடிவம் மாறிவிடும்.

இந்த வடிவ மாற்றத்துக்குத் திரிபு என்று பெயர். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள துண்டுக்கு 1,000 வோல்ட் கொடுத்தால் அது நீள்வது தோராயமாக 0.4 மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் ஸ்கேன் கருவியில் இந்த நீட்சியும் சுருக்கமும் நொடிக்கு 20 லட்சம் முதல் ஒன்றரைக் கோடி முறை வரை நடக்கும். அதில் பிறக்கும் ஒலி உடலுக்குள் போய் எதிரொலியாகத் திரும்பி, அதே செராமிக்கை அழுத்துகிறது. அதில் கிடைக்கும் மின்சாரம்தான் திரையில் குழந்தையின் படமாகிறது.

ஈயம் இருந்தா என்ன பிரச்சினை?

ஈயம் நரம்பு மண்டலத்தைப் பாதிக்கும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு. செராமிக்காக இருக்கும்போது ஈயம் படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கும்; லைட்டர் பயன்படுத்துவதாலோ, ஸ்கேன் எடுப்பதாலோ அது உடலுக்குள் போகாது. சிக்கல் இரண்டு இடங்களில். ஒன்று, தயாரிப்பு. 1,000 டிகிரிக்கு மேல் சுடும்போது ஈய ஆக்சைடு ஆவியாகும். இன்னொன்று, குப்பை. உடைத்து, எரித்து, அமிலத்தில் கரைக்கும் இடங்களில் ஈயம் மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கலாம்.

மின்னணுப் பொருள்களில் ஈயம் 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய யூனியனின் விதி. இந்தியாவின் 2022 மின்னணுக் கழிவு விதிகளிலும் இதே வரம்பு உண்டு. ஆனால் பீசோ செராமிக்கிற்கு இரண்டிலுமே விலக்கு தரப்பட்டுள்ளது. அதே தரத்தில், எல்லா இடத்துக்கும் பொருந்தும் மாற்று இல்லை என்பதே காரணம்.

மாற்று கிடைச்சதா?

முயற்சிகள் நடக்கின்றன. 2004-ல் ஜப்பானின் டொயோட்டா ஆய்வுக்கூட விஞ்ஞானிகள் பொட்டாசியம், சோடியம், நியோபியம் கலந்த செராமிக்கை உருவாக்கினார்கள். பி.இசட்.டி.க்கு ஈடான திறன் கிடைத்தது. ஆனால் படிகத் துகள்களை ஒரே திசையில் அடுக்க வேண்டியிருப்பதால் தயாரிப்பு சிக்கலானது.

2009-ல் பேரியம், கால்சியம் அடிப்படையிலான இன்னொரு கலவை வந்தது. அழுத்தத்துக்கு மின்னூட்டம் தருவதில் சிறந்த பி.இசட்.டி. வகைகளுக்கே சவால் விட்டது. ஆனால் சுமார் 93 டிகிரியிலேயே அதன் திறன் போய்விடும். கொதிக்கும் தண்ணீரின் சூட்டைக் கூடத் தாங்காத பொருளை கார் இன்ஜினில் எப்படி வைப்பது?

ஈயத்தின் இடத்தை நிரப்புவது ஏன் இவ்வளவு கஷ்டம்? ஈய அணுவின் வெளி எலக்ட்ரான்கள் ஆக்சிஜனோடு இறுக்கமாகப் பிணைந்து, பெட்டியின் கோணலை வலுவாக்குகின்றன. பேரியத்தால் அதை அந்த அளவுக்குச் செய்ய முடியவில்லை.

நாம என்ன செய்யலாம்?

பயப்படத் தேவையில்லை. பழுதான லைட்டர், பிரிண்டர், சென்சார் போன்றவற்றைப் பிரித்து உடைக்க வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். குழந்தைகளுக்கு விளையாடக் கொடுக்க வேண்டாம். சாதாரண குப்பையில் போடாமல் இ-வேஸ்ட் சேகரிக்கும் இடத்தில் கொடுத்தால், படிகத்துக்குள் இருக்கும் ஈயம் நம்ம ஊர் மண்ணில் கலக்காமல் தடுக்கலாம்.