மழைக்குப் பிறகு கியர் ஏன் மாற மறுக்கிறது?

அடைமழை ஓய்ந்து இரண்டு நாள் கழித்து, ஆட்டோமேட்டிக் கார் ஒன்று மூன்றாவது கியரிலேயே நின்றுவிடுகிறது. கூடவே ஏபிஎஸ் விளக்கும் எரிகிறது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பருக்கு அடியில் மழைநீர் வடியத் துளைகள் உண்டு. மரத்தடியில் நிற்கும் காரில் வேப்பஞ்சருகு அவற்றை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்கும். சில கார்களில் கியரை இயக்கும் கணினிப் பெட்டியும் கனெக்டர்களும் அந்த விரிப்புக்கு அடியில்தான் இருக்கின்றன.

நனைந்த உடனே எல்லாம் கெடுவதில்லை. 12 வோல்ட் மின்சாரம் ஈரத்தின் வழியே கசியும்போது மின்னாற்பகுப்பு நடக்கிறது. கனெக்டரின் செம்புப் பின் பச்சை பூத்து அரிபடுகிறது, மின்தடை கூடுகிறது. பல சென்சார்கள் 5 வோல்ட்டில் இயங்குபவை. அதில் அரை வோல்ட் குறைந்தாலும் கணினி தப்பாகப் புரிந்துகொள்ளும். கியர்பாக்ஸைக் காப்பாற்ற ஒரே கியரில் பூட்டிவிடும்.

ஸ்கேனரில் சம்பந்தமில்லாத பிழைகள் கும்பலாக வந்தால், பொதுவான மின்இணைப்பையும் எர்த்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி மேல் ஹோஸில் தண்ணீர் விட்டு, ஒருவர் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் கசிவு பிடிபடும். அதைச் சரிசெய்யாமல் கணினியை மட்டும் மாற்றினால், அடுத்த மழையில் புதியதும் நனையும்.