சங்கக் கூடத்தில் மடிக்கணினியும் தொலைக்காட்சியும்

இரண்டு வருஷங்களுக்கு முன்பு திருவிடைமருதூர் வட்டத்திலுள்ள பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றின் வருஷாந்திர மகாசபைக்கு நான் சென்றிருந்தேன். சங்கத்தின் பெயர் இங்கு அவசியமன்று. வரவு செலவுக் கணக்கும் ஆஸ்தி பொறுப்பு அறிக்கையும் அவ்வருஷம் முதன்முறையாகக் கணினியில் தயாரிக்கப்பட்டிருந்தன. அவற்றை அங்கத்தினர் அனைவரும் காணும்படி தொலைக்காட்சியில் காட்டுவது என்று நிர்வாகக் குழு தீர்மானித்திருந்தது. நல்ல எண்ணந்தான். காரியதரிசியின் மகன் கல்லூரியில் பெற்ற மடிக்கணினி மேஜைமேல் இருந்தது. யாரோ ஒருவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டி முக்காலிமேல் இருந்தது. இரண்டையும் இணைக்கக் கும்பகோணத்துக் கடையொன்றில் வாங்கிய வயர் ஒன்றும் இருந்தது.

வயரைச் செருகினார்கள், திரை கறுப்பாகவே நின்றது. அரை மணி நேரத்திற்குப் பின், வேறொருவர் வீட்டிலிருந்து சிறு மாற்றுக் கருவி ஒன்று வந்தது. அதன் பயனாகப் படம் தோன்றியது. ஆனால் எழுத்துக்கள் சர்க்கரையை மொய்க்கும் எறும்புகளைப்போல் தெரிந்தன. காரியதரிசி அறிக்கையை வேகமாக வாசித்தார். கைகள் உயர்ந்தன. கணக்கு நிறைவேறிவிட்டது.

முன்வரிசையில் இருந்த முதிய நெசவாளர் ஒருவர் மட்டும் கையை உயர்த்தவில்லை. "ஐயா, பாவுல ஓரிழை அறுந்தா எட்டி நின்னே சொல்லிடுவேன். இதுல எது பாவு, எது ஊடைன்னே தெரியலையே! கையை மட்டும் தூக்கச் சொல்றீங்க" என்றார். சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கணக்கைக் காணாமல் அதற்குச் சம்மதம் தெரிவிக்கும்படி அங்கத்தினர்களைக் கேட்ட கூட்டத்தில் நானும் அமர்ந்திருந்தேன். ஆதலின் இவ்விரு கருவிகளும் ஏன் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை என்பதைப் பிறகு விசாரித்து அறிந்துகொண்டேன். நம் சங்கங்கள் பலவற்றுக்கும் இது பயன்படக்கூடுமாதலால் இங்கு எழுதுகிறேன்.

நம் வட்டாரத்தில் இவ்விரு கருவிகளும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 2006-ஆம் வருஷம் செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011-ஆம் வருஷம் அதே செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியது. இரண்டும் வெவ்வேறு ஆட்சிகள் கொடுத்தவை. இரண்டும் அறிஞர் அண்ணா பிறந்த நாளில் தொடங்கியவை. ஆகவே நெசவாளர் வீட்டில் தறிக்கு ஒரு பக்கம் பெட்டியும் மறுபக்கம் கணினியும் இருப்பதைக் காண்கிறோம். ஆனால் இவ்விரண்டும் பேசும் பாஷை வேறு.

பழைய பெட்டி கண்ணாடிக் குழாய் பொருந்தியது. அதன் முதுகிலோ பக்கத்திலோ மூன்று வட்டத் துளைகள் இருக்கும். மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் ஒலிக்கு. டி.வி.டி. கருவி வைத்திருந்தவர்கள் அனைவரும் இவற்றை அறிவர். மடிக்கணினியிலோ இம்மூன்றும் இல்லை. முதல் சில வருஷங்களில் வந்த கணினிகளில் நான் பார்த்தவற்றில் பதினைந்து துளைகளுள்ள அகன்ற வாய் ஒன்று இருந்தது. இதுவே வி.ஜி.ஏ. எனப்படுவது, 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டுவந்தது. இதன் வழியே படம் மட்டுமே போகும், ஒலி போகாது. பின்னர் வந்தவற்றில் தட்டையான சிறு வாய் உண்டு. அது எச்.டி.எம்.ஐ.; 2002-இல் வகுக்கப்பட்டது; பத்தொன்பது ஊசிகள் கொண்டது; படத்தையும் ஒலியையும் எண்களாக மாற்றி ஒரே வயரில் அனுப்புகிறது.

ஒரு முனையில் பதினைந்து ஊசிகளும் மறுமுனையில் மூன்று வண்ணச் செருகிகளும் உள்ள வயர் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. நம் சங்கம் வாங்கியது அதுவே. அதனுள் வெறும் செம்புக் கம்பி தவிர வேறொன்றும் இல்லை. கணினி அனுப்பும் செய்தியைப் பழைய பெட்டி அறியும் செய்தியாக மாற்றக் கம்பியால் ஆகாது. அதற்குள் மின்னணுச் சுற்று வேண்டும். அத்தகைய மாற்றுக் கருவி தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிதாக இருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். தனக்கென்று ஒரு சிறு யு.எஸ்.பி. வயர் மூலம் மின்சாரமும் கேட்கும். மின்சாரம் கேட்காத வண்ணச் செருகி வயரைக் கண்டால் வாங்காமல் திரும்பிவிடலாம்.

சரியான மாற்றுக் கருவி கிடைத்தும் எழுத்து ஏன் தெரியவில்லை? பழைய பெட்டி நம் நாட்டில் வழங்கிய பால் என்னும் முறைப்படி 625 கோடுகளால் படத்தை வரைகிறது. அவற்றுள் கண்ணுக்குத் தெரிபவை 576. நம் மடிக்கணினிகளில் பலவற்றின் திரையோ குறுக்கே 1366 புள்ளிகளும் நெடுக்கே 768 வரிசைகளும் கொண்டது. ஆகவே நெடுக்கே நான்கு வரிசைகளை மூன்றாகச் சுருக்க வேண்டியிருக்கிறது. குறுக்கே நிலைமை இன்னும் மோசம். மஞ்சள் துளை வழியே வரும் படம் ஒரு கோட்டில் சுமார் ஐந்நூறு புள்ளிகளைத்தான் தெளிவாகப் பிரித்துக் காட்டும். மூன்று படி நெல்லை ஒரு படியில் அளப்பதுபோன்ற காரியம் இது. மேலும் பழைய பெட்டி ஒற்றைப்படைக் கோடுகளை ஒரு முறையும் இரட்டைப்படைக் கோடுகளை மறு முறையுமாக மாற்றி மாற்றி வரைவதால், கணக்குப் பட்டியிலுள்ள மெல்லிய கட்டக் கோடுகள் நடுங்கிக்கொண்டே இருக்கும். தமிழ் எழுத்துக்களின் மேலுள்ள புள்ளி முதலில் மறைகிறது. 'கடன்' என்பது 'கடன' ஆகிறது. 3-க்கும் 8-க்கும் வேற்றுமை தெரிவதில்லை. கணக்கில் இது சிறிய விஷயமன்று.

படங்களைப் பொறுத்தவரை இக்குறை அவ்வளவாகத் தோன்றுவதில்லை. நமது விவசாய அங்கத்தினர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அருகிலுள்ள ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922 முதல் இயங்கி வருவதும், ஆடுதுறை 36, 43 போன்ற ரகங்கள் அங்கிருந்து வந்தவை என்பதும் அனைவரும் அறிந்தவை. புகையான் தாக்கிய வயல் வட்டவட்டமாகக் காய்ந்து நிற்பதையும், இலைச்சுருட்டுப் புழு இலையை மடித்து உள்ளிருந்து சுரண்டுவதையும் காட்டும் படங்களைப் பழைய பெட்டியிலேயே இருபது பேர் உட்கார்ந்து பார்க்கலாம். அதற்காகப் புதுப் பெட்டி வாங்குவது வீண் செலவு என்பது என் அபிப்பிராயம். பழைய பெட்டியில் எழுத்தைக் காட்டியே தீர வேண்டுமாயின், ஒரு திரைக்கு எட்டு வரிக்கு மேல் வைக்காமல், தடித்த எழுத்தில், கட்டக் கோடுகளை நீக்கி, ஒரு கணக்குத் தலைப்பை மட்டும் காட்டலாம். முழு ஆஸ்தி பொறுப்பு அறிக்கையையும் ஒரே திரையில் காட்ட முற்படுவது பயனற்றது.

நெசவாளர்களுக்கு வேறொரு எச்சரிக்கை. திருபுவனம் பட்டுச் சேலை 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் கரையின் டிசைன்களைக் கணினியில் கட்டம் கட்டமாக வரையும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. பிரான்சு தேசத்து ஜக்கார்டு 1804-இல் அமைத்த முறையில், அட்டையில் துளை இருந்தால் கொக்கி மேலெழும், இல்லையேல் நிற்கும். கணினியின் கட்டமும் அதே கதைதான். இத்தகைய டிசைனைப் பழைய பெட்டியில் காட்டி நிறத்துக்குச் சம்மதம் வாங்கக் கூடாது. மஞ்சள் துளை வழியே வரும் படத்தில், வெளிச்சத்தைச் சொல்லும் பகுதிக்குக் கிடைக்கும் இடத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே நிறத்தைச் சொல்லும் பகுதிக்குக் கிடைக்கிறது. அரக்கு உடலும் பச்சைக் கரையும் சேருமிடத்தில் நிறம் வழிந்து கலங்கும். கரை கலங்கிய சேலையை நாம் சங்கத்தில் ஏற்றுக்கொள்கிறோமா?

இனி, தட்டைத் திரைத் தொலைக்காட்சி உள்ள சங்கங்களுக்கு வேலை எளிது. எச்.டி.எம்.ஐ. வயரை இரு முனையிலும் செருகி, தொலைக்காட்சியின் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்னும் பொத்தானை அழுத்தி, எந்த வாயில் செருகினோமோ அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பல இடங்களில் படம் வராததற்குக் காரணம் இந்தப் பொத்தான்தான். பின்னர் கணினியில் விண்டோஸ் குறியுள்ள விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தினால் நான்கு வழிகள் தோன்றும்: கணினித் திரை மட்டும், இரண்டிலும் ஒரே படம், இரண்டையும் சேர்த்து ஒரே நீண்ட திரை, தொலைக்காட்சி மட்டும். மகாசபைக்கு இரண்டாவதே ஏற்றது. மூன்றாவதைத் தேர்ந்தால் அறிக்கை கணினியிலும் வெறும் பின்னணிப் படம் தொலைக்காட்சியிலும் தெரிய, 'படம் வரவில்லை' என்று அனைவரும் தவிப்பர்.

அறிக்கையின் விளிம்புகள் வெட்டுப்பட்டு, கடைசிப் பத்தியிலுள்ள மொத்தத் தொகை மறைவதும் உண்டு. தொலைக்காட்சிகள் பழைய வழக்கப்படி படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரத்தை மறைப்பதால் நேர்வது இது. பெட்டியின் பட அளவு அமைப்பில் உள்ளது உள்ளபடி காட்டும் நிலையைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஒலி வராவிட்டால் கணினியின் ஒலிக் குறியில் தொலைக்காட்சியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியில் வி.ஜி.ஏ. மட்டும் இருந்து, தொலைக்காட்சியிலும் அந்த வாய் இருந்தால், அவ்வழியே படமும் தனி வயர் வழியே ஒலியும் அனுப்பலாம். தொலைக்காட்சியிலுள்ள யு.எஸ்.பி. வாய் பென்டிரைவுக்காக அமைந்தது. அதில் கணினியைச் செருகிப் பயனில்லை. புதிய கணினிகளிலுள்ள நீள்வட்டமான சி வகை வாயும் எல்லாவற்றிலும் படம் தருவதன்று. வாங்குமுன் கேட்டறிவது நலம்.

விவசாயிகள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இதற்கு நேர்மாறானது: மடிக்கணினியையே தொலைக்காட்சியாக உபயோகிக்கலாகாதா? முன்பு டி.வி. டியூனர் என்னும் சிறு கருவியைக் கணினியில் பொருத்தி, கேபிள் வயரைச் செருகிப் பார்த்தனர். அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்த 2011-ஆம் வருஷத்தில் அது நடந்தது. 2017-க்குப் பின் கேபிள் எண்முறைக்கு மாறிப் பூட்டிட்டு வருவதால், செட்டாப் பெட்டி இன்றி அதைத் திறக்க இயலாது. பழைய டியூனரில் மஞ்சள் துளை இருந்தால், செட்டாப் பெட்டியின் மஞ்சள் வயரை அதில் செருகிப் பார்க்கலாம், அவ்வளவே. செட்டாப் பெட்டியின் எச்.டி.எம்.ஐ. வயரைக் கணினியின் எச்.டி.எம்.ஐ. வாயில் செருகிக் காத்திருப்போரையும் கண்டேன். கணினியில் உள்ள அந்த வாய் வடிகால், பாசன வாய்க்காலன்று. வடிகால் வழியே வயலுக்கு நீர் பாயாது.

எச்சரிக்கை ஒன்று. சங்கக் கூடங்களில் மின்சாரப் பலகைகளுக்குப் பூமி இணைப்பு இல்லாதது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அத்தகைய இடத்தில் கணினியின் உலோகப் பகுதியைத் தொட்டால் விரல் சுணைக்கும். இணைக்குமுன் இரு கருவிகளையும் நிறுத்துவதும், கேபிள் வயரைக் கழற்றிவிடுவதும் நன்று. ஐப்பசி, கார்த்திகையில் இடி முழங்கும்போது எல்லாவற்றையும் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும்.

சென்ற மகாசபைக்கு மேற்படி சங்கம் தீர்மானம் போட்டு முப்பத்திரண்டு அங்குலத் தட்டைப் பெட்டி ஒன்று வாங்கியிருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் மாலையே காரியதரிசி வயரை இணைத்துச் சரிபார்த்து வைத்திருந்தார். ஒவ்வொரு பக்கமும் பெரிய எழுத்தில் நிதானமாக வந்தது. கச்சாப் பட்டு இருப்புப் பக்கம் வந்தபோது, முன் சொன்ன முதியவர் எழுந்து, "கொஞ்சம் நிறுத்துங்க தம்பி. போன வருஷக் கடைசியில 38 கிலோன்னு காட்டினீங்க. இப்ப ஆரம்பத்துல 33-ன்னு இருக்கே?" என்றார். கூடத்தில் பேச்சு நின்றது. காரியதரிசி இருப்புப் பதிவேட்டைக் கொண்டுவரச் செய்தார். நானும் எழுந்து சென்று பார்த்தேன். பதிவேட்டில் 38 என்றே இருந்தது. கணினியில் ஏற்றியவர் 33 என்று அடித்திருந்தார். அதனால் மொத்தமும் ஐந்து கிலோ குறைந்திருந்தது. அங்கேயே, அனைவரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, திரையில் எண் திருத்தப்பட்டது, மொத்தம் மாறியது. முதியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "அடுத்த பக்கம் போங்க" என்றார்.