கூழாங்கல்லா, கல்லாகிப்போன மரமா? கண்டுபிடிப்பது ஈஸிதான்!

மாசி மகம் என்றால் ஏம்பலம், வில்லியனூர் பக்கத்து மக்கள் திரளும் இடம், சங்கராபரணி ஆற்றங்கரையில் உள்ள திருக்காஞ்சி. அதே ஆற்றை ஒட்டி மேலே போனால், விழுப்புரம் மாவட்டத்தின் திருவக்கரை வந்துவிடும். வக்கிரகாளியம்மன் கோயிலுக்காகப் பலரும் போகும் ஊர். கோயிலுக்குப் போகிறவர்களில் பலர் பார்க்காமலே திரும்பும் இடம் ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் தேசிய கல்மரப் பூங்கா!

தூரத்தில் இருந்து பார்த்தால் யாரோ வெட்டிப் போட்ட மரங்கள் போலத் தெரியும். தட்டிப் பார்த்தால் கல். இப்படிச் சுமார் 200 மரங்கள் இங்கே கிடக்கின்றன. வயது, ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள். 1781-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா இவற்றைப் பற்றிப் பதிவு செய்தார். இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பாதுகாக்கிறது.

மரம் எப்படிக் கல்லானது?

இந்த மரங்களுக்குக் கிளையும் இல்லை, வேரும் இல்லை. எங்கோ வளர்ந்த மரங்களை வெள்ளம் உருட்டி வந்து இங்கே மணலில் புதைத்தது என்பதற்கு அதுதான் சாட்சி. காற்று புகாததால் மரம் மட்கவில்லை. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சிலிக்கா, மரத்தின் நுண்ணிய அறைகளுக்குள் மெல்ல மெல்லப் படிந்தது. மரம் போய், அதே வடிவில் கல் நின்றது. புளிய மரக் குடும்பத்தைச் சேர்ந்தவையும் இவற்றில் உண்டு.

எப்படி அடையாளம் காண்பது?

ஆற்றிலோ கடற்கரையிலோ உருண்ட கல்மரத் துண்டு, விளிம்பு மழுங்கி சாதாரணக் கூழாங்கல் போலவே இருக்கும். இந்த நான்கையும் கவனியுங்கள்.

1. நனைத்துப் பாருங்கள். ஈரத்தில் வரிகள் பளிச்செனத் தெரியும். நீளவாக்கில் மரநார் போன்ற கோடுகள் ஓடினால் நம்பிக்கை வைக்கலாம்.

2. முனையைப் பாருங்கள். பூதக்கண்ணாடியில் ஊசி குத்தியது போன்ற துளைகள் வரிசையாகத் தெரிந்தால், அவை ஒரு காலத்தில் மரத்துக்குள் நீர் ஏறிய குழாய்கள்.

3. நகத்தால் அழுத்துங்கள். தண்ணீரில் ஊறிய வெறும் மரம் என்றால் பதியும். கல்மரத்தில் கத்தி முனைகூடப் பதியாது.

4. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் அது சுண்ணாம்புக்கல்லாகவோ சிப்பியாகவோ இருக்கலாம். சிலிக்காவாக மாறிய மரம் நுரைக்காது.

வரி இருந்தாலே கல்மரம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். மணற்பாறையிலும் அடுக்கு அடுக்காக வரிகள் வரும். ஆனால், அதில் இந்தத் துளைகள் இருக்காது.

வீட்டுக்கு எடுத்து வரலாமா?

பூங்காவில் இருந்து சின்னத் துண்டைக்கூட எடுக்கக் கூடாது. கத்தி, எலுமிச்சை சோதனைகளும் அங்கே வேண்டாம். காரணம் சட்டம் மட்டுமல்ல. எந்த மண் அடுக்கில், எந்தத் திசையில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் அந்தக் காலத்து ஆற்றையும் காட்டையும் ஆய்வாளர்கள் படிக்கிறார்கள். இடம் மாறிய துண்டு, முகவரி கிழிந்த கடிதம் மாதிரி.

வெளியே எங்காவது அப்படி ஒரு கல் கண்ணில் பட்டால், பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து போட்டோ எடுங்கள். இடத்தையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிள்ளைகளின் கையில் கொடுத்து, 'இது ஒரு காலத்தில் இலை விட்ட மரம்' என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த முறை ஆற்றங்கரைக்குப் போகும்போது, போனைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள்!